முகவரி வந்தது, இணையம் வரவில்லை

வீட்டு நெட்வொர்க்கின் வாசலில் ஒரு பழைய கணினியைக் காவலுக்கு வைத்திருந்தேன். அதில் ஃப்ரீபிஎஸ்டி 13 இயங்குதளம், எந்தப் பாக்கெட்டை விடுவது, எதைத் தடுப்பது என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலுக்கு பிஎஃப். மோடம் பக்கம் போர்டிலேயே இருந்த சிப், வீட்டுப் பக்கம் தனியாகச் செருகிய ஒரு கார்டு. மாதக்கணக்கில் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் மதர்போர்டு செத்துப்போனது. வேறொரு போர்டு வாங்கி, அதே டிஸ்க்கையும் அதே கார்டையும் அதில் மாட்டி, பொத்தானை அழுத்தினேன். பூட் ஆனது, லாகின் வந்தது, இணையம் மட்டும் வரவில்லை.

இரண்டு இரவுகள் போயின. திரும்பிப் பார்த்தால் உண்மையான வேலை அரைமணி நேரத்துக்குத்தான் இருந்தது. மீதியெல்லாம் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) மேல் போட வேண்டிய பழியை ஃபயர்வால் மேலும், ஃபயர்வால் மேல் போட வேண்டியதை டிரைவர் மேலும் மாற்றி மாற்றிப் போட்டதில் கரைந்த நேரம். எந்தக் கருவி எங்கே நின்றுகொண்டு பார்க்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் காரணம்.

முதல் இரவு என் சந்தேகம் நேராக ஃபயர்வால் மேல் போனது. இயங்குதளத்தின் மையமான கர்னல் மற்றவர்கள் எழுதியது, விதிகள் நான் எழுதியவை. தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. 'பிஎஃப்சிடிஎல் -டி' கொடுத்து பிஎஃப்பை அணைத்தேன். மாற்றம் இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அணைத்த பிறகும் அதே கோளாறு இருந்தால் ஃபயர்வால் காரணம் இல்லை என்றுதானே அர்த்தம்? நானோ விதிக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வரி வரியாகத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்களைப் பட்டியலிடும் 'ஐஎஃப்கான்ஃபிக்' அடித்தேன். வீட்டுப் பக்கத்து ஐஜிபி0 இருந்தது, கணினி தனக்குள் பேசிக்கொள்ளும் எல்ஓ0 இருந்தது. மோடம் பக்கத்து இஎம்0 இல்லை.

பிஎஸ்டி குடும்பத்துக்குப் புதியவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விஷயம். இங்கே இன்டர்ஃபேஸின் பெயர் டிரைவரின் பெயரிலிருந்து வருகிறது. இஎம், ஐஜிபி எல்லாம் இன்டெல் சிப்புகளுக்கான டிரைவர்கள், ஆர்இ என்பது ரியல்டெக்குக்கு, பிஜிஇ பிராட்காமுக்கு. ஆக, இஎம்0 காணவில்லை என்றால் அந்த டிரைவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சிப்பும் கிடைக்கவில்லை என்று பொருள். புது போர்டில் இருப்பது வேறு சிப், அதற்கு ஏன் இஎம்0 என்று பெயர் வரப்போகிறது? வேறு பெயரிலாவது வந்திருக்க வேண்டும். அப்படியும் ஒன்று வரவில்லை.

இந்த நிலையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: புது சிப் கர்னலின் கண்ணுக்குத் தெரிகிறதா, தெரிந்தும் யாரும் பொறுப்பேற்கவில்லையா? 'பிசிகான்ஃப் -எல்வி' அதற்குப் பதில் சொல்லும். ஒவ்வொரு சாதனத்துக்கும் வரியின் தொடக்கத்தில் அதைப் பிடித்திருக்கும் டிரைவரின் பெயர் இருக்கும். யாரும் பிடிக்காத சாதனம் 'நன்0' என்று தொடங்கும். எனக்கு அப்படித்தான் வந்தது: நன்0, ஈதர்நெட் வகை, தயாரிப்பாளர் எண் 10இசி, சாதன எண் 8125. லினக்ஸில் இதே வேலைக்கு 'எல்எஸ்பிசிஐ -கே' இருக்கிறது. பயன்பாட்டில் உள்ள டிரைவர் எது என்ற வரியே அங்கே இல்லாமல் போனால் இதே நிலைமைதான்.

10இசி என்பது ரியல்டெக், 8125 அவர்களின் 2.5 ஜிகாபிட் சிப். ஃப்ரீபிஎஸ்டி 13-உடன் வரும் ஆர்இ டிரைவருக்கு இந்த எண் தெரியாது. சிப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வாங்குமுன் வன்பொருள் பட்டியலைப் பார்க்காதது என் சோம்பல். அந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் தேடுவது சுலபம். போர்டின் பெயரைப் போட்டுத் தேடினால் ஊர்க்கதையெல்லாம் வரும், எண்ணைப் போட்டுத் தேடினால் டிரைவர் வரும். தயாரிப்பாளரின் மூல நிரலை வைத்துக் கட்டிய ஒரு பேக்கேஜ் ஏற்கெனவே இருந்தது: ரியல்டெக்-ஆர்இ-கேமாட்.

இருக்கிறது, சரி. அதை இறக்குவதற்கு இணையம் வேண்டும். இணையம் வர அது வேண்டும்.

கைபேசிதான் காப்பாற்றியது. ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கேபிளில் செருகி, அதில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டு, கணினியில் அதற்கான டிரைவரை ஏற்ற 'கேஎல்டிலோட் ஐஎஃப்_யுஆர்என்டிஸ்' கொடுத்தால் யுஇ0 என்று ஒரு இன்டர்ஃபேஸ் முளைக்கும். பிறகு முகவரி வாங்க 'டிஹெச்கிளையன்ட் யுஇ0'. எனக்கு முதல் தடவை முளைக்கவில்லை. கர்னல் செய்திகளில் கைபேசி வந்ததற்கான தடயமே இல்லை. கால்மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது, நான் எடுத்த கேபிள் சார்ஜ் மட்டும் செய்கிற வகை, உள்ளே டேட்டா கம்பிகளே கிடையாது. கேபிளை மாற்றினேன், யுஇ0 வந்தது. பிஎஃப் ஏற்கெனவே அணைந்திருந்ததால் பேக்கேஜும் சிரமமில்லாமல் இறங்கியது. அது தற்செயலான அதிர்ஷ்டம் என்று அப்போது தெரியவில்லை.

பேக்கேஜ் இறங்கிய உடனே 'கேஎல்டிலோட்' செய்து பார்த்தேன். ஏற்கெனவே கர்னலில் இருக்கிறது என்று மறுத்துவிட்டது. பொதுக் கர்னலில் பழைய ஆர்இ டிரைவர் உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது, அதே பெயரில் இன்னொன்றை ஓடுகிற நேரத்தில் நுழைக்க முடியாது. பூட் ஆகும்போதே, கர்னலை ஏற்றுகிற லோடரிடம் சொல்ல வேண்டும். /பூட்/லோடர்.கான்ஃப் கோப்பில் இரண்டு வரிகள்: ஐஎஃப்_ஆர்இ_லோட் என்பதற்கு யெஸ், ஐஎஃப்_ஆர்இ_நேம் என்பதற்கு /பூட்/மாட்யூல்ஸ்/ஐஎஃப்_ஆர்இ.கேஓ. பேக்கேஜ் நிறுவி முடித்ததும் திரையில் ஓடுகிற செய்தியிலேயே இது இருக்கிறது. நான் முதல் வரியை மட்டும் எழுதிவிட்டு ரீபூட் செய்தேன். நன்0 அப்படியே உட்கார்ந்திருந்தது. இரண்டாவது வரி இல்லாவிட்டால் லோடர் தன் வழக்கமான இடத்திலிருந்து பழைய ஐஎஃப்_ஆர்இ-யைத்தான் எடுக்கும். பெயர் ஒன்றாக இருப்பதால் 'கேஎல்டிஸ்டாட்' பட்டியலில் வித்தியாசம் தெரியாது. 'கேஎல்டிஸ்டாட் -வி' கொடுத்தால் முழுப் பாதையும் காட்டும், எந்தக் கோப்பு ஏறியிருக்கிறது என்று அதில்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வரியையும் சேர்த்த பின் ஆர்இ0 வந்தது. நள்ளிரவு தாண்டிவிட்டது, படுத்துவிட்டேன்.

மறுநாள் இரவுதான் உண்மையான குழப்பம். தொடக்க அமைப்புகள் இருக்கும் ஆர்சி.கான்ஃபில் இஎம்0 என்று இருந்த வரியை ஆர்இ0 என்று மாற்றி ரீபூட் செய்தேன். முகவரியைத் தானாக வாங்கித் தரும் டிஹெச்சிபி மூலம் முகவரி வந்துவிட்டது. கேட்வே முகவரியும் சரி. மடிக்கணினியில் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை.

இந்த முறை நான் போட்ட கணக்கு இது: டிஹெச்சிபி என்பது பாக்கெட் போய், பாக்கெட் வந்து நடக்கிற பேச்சு. முகவரி வந்துவிட்டது என்றால் ஃபயர்வால் வழி விட்டிருக்கிறது. எனவே குற்றவாளி, நேற்றிரவு எங்கிருந்தோ இறக்கிய அந்த டிரைவர். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. டிரைவர் என்றால் உடனே நினைவுக்கு வருவது செக்சம் ஆஃப்லோடு, டிஎஸ்ஓ போன்ற, பாக்கெட் வேலைகளைக் கார்டிடமே ஒப்படைக்கிற வசதிகள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்தேன். வேகத்தை 1000-க்கு இறக்கினேன், 100-க்கு இறக்கினேன். கேபிளை மாற்றினேன். பாவம், அந்த டிரைவர் ஒன்றுமே செய்யவில்லை.

கணக்கு தப்பியது எங்கே என்றால், டிஹெச்கிளையன்ட் சாதாரணப் பயன்பாடுகள் போகும் பாதையில் போவதில்லை. முகவரியே இல்லாத நேரத்தில் பேச வேண்டியிருப்பதால் அது பிபிஎஃப் என்ற பின்வாசல் வழியாக நேரே டிரைவரோடு பேசுகிறது. பிஎஃப் உட்கார்ந்திருப்பது ஐபி அடுக்கில். அந்தப் பக்கம் டிஹெச்கிளையன்ட் எட்டிப் பார்ப்பதே இல்லை. எல்லாவற்றையும் அடைத்து வைத்தாலும் முகவரி ஜம்மென்று வந்து இறங்கும். முகவரி வந்தால் கேபிளும் டிரைவரும் நலம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஃபயர்வாலைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் 'டிசிபிடம்ப்' நிற்பதும் அதே பின்வாசலில்தான். உள்ளே வருகிற பாக்கெட்டை அது ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடும், வெளியே போவதை ஃபயர்வாலுக்குப் பிறகுதான் பார்க்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டு ஆர்இ0 மேல் டிசிபிடம்ப்பை ஓடவிட்டால் கதை தானாகவே பிரிந்துவிடுகிறது. அன்று எனக்குத் தெரிந்தது இதுதான்: மோடம் பக்கமிருந்து ஏஆர்பி கேள்விகள் (இந்த ஐபி முகவரி யாருடையது என்று விசாரிப்பவை) வந்துகொண்டிருந்தன, என் பெட்டியிலிருந்து பதிலும் போய்க்கொண்டிருந்தது. ஏஆர்பியும் ஐபிக்குக் கீழே நடப்பது, பிஎஃப்புக்கு அதில் வேலை இல்லை. கம்பியில் இருபக்கமும் போக்குவரத்து இருக்கிறது என்றால் டிரைவர் மேல் இனி சந்தேகமே வேண்டாம். இன்னொரு டெர்மினலில் கேட்வேக்கு பிங் போட்டேன். அந்த பிங் பாக்கெட்டுகள் டிசிபிடம்ப்பில் தென்படவே இல்லை. கார்டை எட்டுவதற்கு முன்பே யாரோ அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிங்கே அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரியிலும் 'பெர்மிஷன் டினைடு'. நான் அதைப் பார்த்துவிட்டு, ரூட்டாகத்தானே இருக்கிறேன், இதற்கு மேல் என்ன அனுமதி என்று எரிச்சல்பட்டேன். கோப்பு அனுமதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெளியே போகிற பாக்கெட்டை பிஎஃப் தடுக்கும்போது கர்னல் அனுப்பியவருக்குக் கொடுக்கிற பதில் அது. பிங் பதில் வராமல் மௌனமாக இருப்பது வேறு, இந்த மறுப்பு வேறு. மௌனம் என்றால் பாக்கெட் எங்கேயோ போய்த் தொலைந்திருக்கலாம், மறுப்பு என்றால் நம் பெட்டியை விட்டே அது கிளம்பவில்லை.

சரி, பிஎஃப் ஏன் தடுத்தது? ரீபூட் ஆனபோது அது மறுபடி எழுந்துகொண்டது, அது என் விருப்பம்தான். என் விதிக் கோப்பின் மேலே வெளிப்பக்க இன்டர்ஃபேஸுக்கு ஒரு மேக்ரோ (விதிகளில் பெயருக்குப் பதிலாக வரும் சுருக்கம்), அதில் இன்னமும் இஎம்0. முதல் விதி எல்லாவற்றையும் தடு, அதன் கீழே இஎம்0 வழியாகப் போவதை விடு. இஎம்0 என்று ஒன்று இனி இல்லை, ஆகவே தடை மட்டும் மிஞ்சியது. இல்லாத இன்டர்ஃபேஸைப் பற்றி எழுதினால் பிஎஃப் ஏன் கத்தவில்லை? 'ஆன் இஎம்0' என்பது அதற்கு வெறும் பெயர். நாளைக்கு யாராவது அந்தப் பெயரோடு ஒரு கார்டைச் செருகலாம் அல்லவா, அதனால் ஏற்றுக்கொள்கிறது. முகவரி வேண்டிய இடத்தில் இஎம்0 என்று வெறுமனே எழுதியிருந்தால் முகவரி கிடைக்கவில்லை என்று பிழை வந்திருக்கும். டிஹெச்சிபி முகவரி அடிக்கடி மாறுமே என்று என்ஏடி விதியில் (வீட்டுக் கணினிகளின் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் விதி) நான் அதை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தேன். அடைப்புக்குறி என்றால் ஓடும்போது பார்த்துக்கொள் என்று அர்த்தம், அதனால் அதுவும் அமைதியாக ஏறிவிட்டது.

இதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். 'பிஎஃப்சிடிஎல் -விஎஸ்ஆர்' ஒவ்வொரு விதிக்கும் கீழே எத்தனை பாக்கெட் அதில் சிக்கியது என்று எண்ணிக்கை காட்டும். என் 'விடு' விதிகளில் பூஜ்யம், 'தடு' விதியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இதைவிடச் சுகமான வழி, தடுக்கிற விதியில் 'லாக்' என்ற சொல்லைச் சேர்த்து, பிஎஃப்லாக் சேவையைத் தொடங்கி, பிஎஃப்லாக்0 மேல் டிசிபிடம்ப்பை '-இ' கொடியோடு ஓட்டுவது. எந்த எண் விதி, எந்தத் திசை, எந்த இன்டர்ஃபேஸ் என்று ஒரே வரியில் வந்துவிடும். 'பிளாக் அவுட் ஆன் ஆர்இ0' என்று பார்த்திருந்தால் அந்த நொடியே விளங்கியிருக்கும். இப்போதெல்லாம் லாக் இல்லாத தடை விதியை நான் எழுதுவதில்லை. நன்றாக ஓட ஆரம்பித்த பிறகு இரைச்சலைக் குறைத்துக்கொள்ளலாம்.

மேக்ரோவில் இஎம்0-ஐ ஆர்இ0 ஆக்கினேன், 'பிஎஃப்சிடிஎல் -என்எஃப்' கொடுத்து இலக்கணம் சரிபார்த்தேன், ஏற்றினேன். இணையம் வந்தது. அதற்கு மறுநாள் உட்கார்ந்து, விதிகளில் டிரைவர் பெயரே வராதபடி மாற்றினேன். ஆர்சி.கான்ஃபில் ஐஎஃப்கான்ஃபிக்_ஆர்இ0_நேம் என்ற மாறிக்கு அவுட்0 என்று மதிப்புக் கொடுத்தால் பூட் ஆகும்போது இன்டர்ஃபேஸ் அந்தப் பெயருக்கு மாறிவிடும், மற்ற வரிகளெல்லாம் அவுட்0 என்றே இருக்கலாம். கார்டு மாறினால் திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி. லினக்ஸில் என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வால் வைத்திருப்பவர்கள் 'ஐஐஎஃப்' என்பதற்கும் 'ஐஐஎஃப்நேம்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்கலாம். முன்னது விதியை ஏற்றும்போதே இன்டர்ஃபேஸின் உள் எண்ணைத் தேடும், இல்லாவிட்டால் பிழை. பின்னது பெயரை மட்டும் ஒப்பிடும், இல்லாவிட்டாலும் அமைதி. என்னைக் கவிழ்த்தது இந்த இரண்டாவது வகை அமைதிதான்.

அன்று டிசிபிடம்ப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் என்னைத் திசை திருப்பியது. ஐஜிபி0 பக்கம் வெளியே போகும் பாக்கெட்டுகளில் செக்சம் தவறு என்று வரிசையாக வந்தது. பயந்துவிட்டேன். ஆஃப்லோடு இயங்கும்போது செக்சத்தைப் போடுவது கார்டு. டிசிபிடம்ப் அதற்கு முன்பே பார்த்துவிடுவதால் நிரப்பாத படிவத்தைப் பார்ப்பது மாதிரி. வெளியே போவதில் இது தெரிந்தால் கவலை இல்லை, உள்ளே வருவதில் தெரிந்தால்தான் கவனிக்க வேண்டும்.

மற்ற ஃபயர்வால்களில் பழகிவிட்டு பிஎஃப்புக்கு வருபவர்கள் வழுக்குகிற இடங்கள் இரண்டு. ஒன்று, இங்கே கடைசியாகப் பொருந்துகிற விதிதான் செல்லும், 'குவிக்' என்று சொன்னால் மட்டும் அங்கேயே முடிவு. லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் பழக்கத்தில் கடைசி வரியாக 'எல்லாவற்றையும் தடு' என்று எழுதினால் மேலே எழுதிய அத்தனையும் வீண். இன்னொன்று, அதே பிஎஸ்டி குடும்பத்து ஓபன்பிஎஸ்டிக்கு எழுதிய விதிகளை அப்படியே ஒட்டுவது. பிஎஃப் பிறந்தது அங்கேதான். அதுவரை அங்கே இருந்த ஃபயர்வாலான ஐபிஃபில்டரின் உரிமம் பற்றி வந்த சச்சரவில் அதை எடுத்துவிட்டு, டேனியல் ஹார்ட்மையர் எழுதிய பிஎஃப்பை 2001 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் சேர்த்தார்கள். ஃப்ரீபிஎஸ்டிக்கு அது 2004-இல் 5.3-உடன் வந்தது. பிறகு 2010-இல் ஓபன்பிஎஸ்டி 4.7-இல் என்ஏடி எழுதும் முறையையே மாற்றிவிட்டார்கள். ஃப்ரீபிஎஸ்டி 13 பழைய முறையில்தான் நின்றது. 'என்ஏடி-டு' என்ற சொல் வரும் வரியை அதில் ஒட்டினால் இலக்கணப் பிழைதான் கிடைக்கும்.

ஐபிவி6 பற்றிச் சுருக்கமாக. எல்லாம் ஓடியதும் கையோடு அதையும் போட்டுவிடலாம் என்று முயன்றேன், முகவரியே வரவில்லை. ஐபிவி4-இல் டிஹெச்சிபி பின்வாசல் வழியாக வந்துவிட்டது, ஏஆர்பியும் கீழேயே நடந்துவிட்டது. ஐபிவி6-இல் ரவுட்டரின் அறிவிப்பும் பக்கத்து முகவரியைத் தேடுவதும் ஐசிஎம்பிவி6 செய்திகளாக ஐபி அடுக்கிலேயே நடக்கின்றன, ஃபயர்வால் அவற்றை மடக்கிவிடுகிறது. 133 முதல் 136 வரையுள்ள வகைகளை அனுமதித்ததும் வந்தது.

கடைசியாக ஒன்று. சில வாரங்கள் கழித்து, வெளியூரில் இருந்தபடி எஸ்எஸ்ஹெச் வழியாக விதிகளைக் கொஞ்சம் சுத்தம் செய்தேன். எஸ்எஸ்ஹெச்சை உள்ளே விடுகிற வரியையும் சேர்த்து அழித்துவிட்டேன் என்பது தெரியாது. ரீலோட் கொடுத்தேன், என் இணைப்பு அறுபடவில்லை, கட்டளைகள் ஓடின. சரி, நன்றாக இருக்கிறது என்று வெளியே வந்தேன். மறுபடி உள்ளே போக முடியவில்லை. ரீலோட் விதிகளை மட்டும்தான் மாற்றும், ஏற்கெனவே ஸ்டேட் பட்டியலில் இருக்கும் இணைப்புகள் பழைய அனுமதியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் என்றால் நேர்மாறு, ஸ்டேட்களையும் கழுவிவிடும், விதி சரியாக இருந்தாலும் உங்கள் இணைப்பு உறைந்துபோகும். ஆகவே ரீலோட் செய்துவிட்டு, பழைய இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, புதிதாக இன்னொன்று திறந்து பார்க்க வேண்டும். கூடவே, மாற்றுவதற்கு முன் 'அட்' கட்டளையில் பத்து நிமிடம் கழித்துப் பழைய கோப்பை ஏற்றச் சொல்லி வைத்துவிடுவேன், எல்லாம் நலம் என்றால் அதை ரத்து செய்துவிடலாம். ஃப்ரீபிஎஸ்டியில் அந்த வரிசையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பார்கள், நொடி பிசகாமல் நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அன்று அப்படி ஏதும் வைத்திருக்கவில்லை. தம்பிக்கு போன் போட்டு, அந்தப் பெட்டியின் கீபோர்டில் உட்கார வைத்தேன். பிஎஃப்சிடிஎல், இடைவெளி, மைனஸ் டி என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

"அக்கா, ஏற்கெனவே எனேபிள் ஆகியிருக்குன்னு வருது."

டி என்றது அவனுக்கு ஈ என்று கேட்டிருக்கிறது. அணைக்கச் சொன்னதை அவன் இயக்கிப் பார்த்திருக்கிறான். டெல்லியில் வருகிற டி என்று மறுபடி சொன்னேன். அணைந்தது, நானும் உள்ளே நுழைந்துவிட்டேன். அழித்த வரியைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து மறுபடி அழைப்பு.

"அக்கா, நீ என்ன பண்ணின? இப்போ வீட்டுல யாருக்குமே நெட் வரல."

என்ஏடியும் பிஎஃப்பின் வேலைதான். அதை அணைத்ததும் வீட்டுக்குள் இருந்த எல்லோருக்கும் வழி அடைத்துவிட்டது. இரண்டு நிமிடம் பொறு என்று சொல்லிவிட்டு, முதலில் இலக்கணம் சரிபார்த்தேன், விதிகளை ஏற்றினேன், பிஎஃப்பை எழுப்பினேன். இன்னொரு டெர்மினலில் புதிதாக ஒரு இணைப்பு திறந்து பார்த்த பிறகுதான் பழையதை மூடினேன்.